அழகாக இறங்கிய எண்கள்

1

இந்தக் கதை ஒரு பொய்யில் தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பெரிய பொய்யில்லை. இரண்டு இலக்கம், நடுவில் ஒரு புள்ளி: 9.8.

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாகப் பார்க்கிறேன். முதல் முயற்சி இது:

"பினாங்கின் ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் பதினான்காம் மாடியில், மலையிலிருந்து இறங்கும் பனியை நோக்கியபடி கனகேஸ்வரி தன் விரலைக் குத்திக்கொண்டாள். மாணிக்கம் போல ஒரு துளி —"

மாணிக்கமாம்! ரத்தம் ரத்தம் மாதிரிதான் இருக்கும். அடித்துவிட்டேன். (பதினான்காம் மாடியுமில்லை, நான்காம் மாடி. சன்னலைத் திறந்தால் பனி தெரியாது, எதிர் வீட்டுக்காரரின் உள்பனியன்கள் தெரியும்.)

இரண்டாவது முயற்சி: "இனிப்புநீர் எனப்படும் நீரிழிவு நோய் உலகெங்கும் பரவிவரும் —"

இது சுகாதாரக் கையேடு. இதைப் படிக்க நீங்கள் கிளினிக்குக்கே போகலாம்.

மூன்றாவது: "கனகேஸ்வரி ஒரு பொய் சொன்னாள்."

இது நிற்கிறது. இதை வைத்துக்கொள்வோம்.

2

கனகேஸ்வரிக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர், எங்கள் ஊர்ப் பேச்சில் கிராணி. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைகளுக்குச் சிறுகதை எழுதுவாள். நானும் பள்ளிக்கூடத்தில் கிராணிதான், நானும் எழுதுகிறேன்தான். ஆனால் அவள் வேறு, நான் வேறு. ஆதாரம் வேண்டுமென்றால், அவளை என்னைவிடக் கொஞ்சம் ஒல்லியாகப் படைத்திருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் அவளுக்கு இனிப்புநீர் இருப்பது தெரிந்தது. கணவர் சின்னையாவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உறவினர் ஒவ்வொருவரும் கால் எடுக்கப்பட்ட ஒருவரின் கதையோடு வருவார்கள். கதையை முடித்துவிட்டு, "ஒண்ணே ஒண்ணு சாப்புடு, ஒண்ணும் செய்யாது" என்று லட்டையும் நீட்டுவார்கள்.

ஒருநாள் கிளினிக் வரிசையில் பக்கத்து நாற்காலிக்காரர் பேச்சுக் கொடுத்தார். நல்லமுத்து அண்ணன். பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. பன்னிரண்டு வருட இனிப்புநீர்.

"வீட்டுல கம்ப்யூட்டர் இருக்காம்மா?" என்றார்.

கோலாலம்பூருக்குப் படிக்கப் போன மகன் விட்டுச்சென்றது ஒன்று இருந்தது. மருந்து அட்டையின் பின்புறம் இனிப்புநீர்க்காரர்களின் மின்மடல் குழு ஒன்றின் முகவரியை எழுதிக் கொடுத்தார்.

அந்தக் குழுவின் பெயர் 'தே ஓ கோசோங்'. பினாங்குக் கடைகளில் அப்படிக் கேட்டால் பாலும் சீனியும் இல்லாத தேநீர் வரும். கூடவே கடைக்காரரின் அனுதாபமும் வரும். பினாங்குத் தீவிலும் கடலுக்கு அக்கரையிலுமாகப் பதினொரு பேர். ஒருவரையொருவர் பெரும்பாலும் பார்த்ததில்லை. ஒரே ஒரு விதி: எண் முதலில், பேச்சு பிறகு. காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்தி, மீட்டர் காட்டும் எண்ணை முதல் வரியில் எழுதிவிட வேண்டும் (எங்கள் ஊர் மீட்டரில் ஏழுக்குள் இருந்தால் நல்லது, பத்தைத் தாண்டினால் திட்டு). அதற்குப்பின் மழை, மாமியார், மேனேஜர், எதைப்பற்றி வேண்டுமானாலும் எழுதலாம். தமிழ் எழுத்து யார் கணினியிலும் வராது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி, படிக்கும்போது வாய்விட்டுப் படித்துப் புரிந்துகொள்வோம்.

எனக்கு, மன்னிக்கவும், கனகேஸ்வரிக்கு, மோடம் கீச்சிட்டு இணைகிற அந்த அரை நிமிடம் கல்யாண வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி இருக்கும். உள்ளே எல்லாரும் நம்ம ஆட்கள். யாரும் லட்டை நீட்ட மாட்டார்கள்.

3

இனி பொய்.

1997 தீபாவளி. திறந்த இல்ல விருந்து என்று நாள் முழுதும் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். போன வீட்டில் சாப்பிடாமல் எழுந்தால் அடுத்த தீபாவளிவரை அதையே பேசுவார்கள். ருக்குமணி அக்கா வீட்டில் அதிரசம். தலைமையாசிரியர் வீட்டில் பால்கோவா. எங்கோ ஒரு வீட்டில் ரோஸ் சர்பத்*.

(* எங்கோ இல்லை. மாடிப்படியில் எதிரே வந்த மலாய்க்காரத் தோழி நோர்மாவின் வீட்டில். அவளுக்குத் தீபாவளியே கிடையாது. எனக்காக வாங்கி வைத்திருந்தாள். எப்படி மறுப்பது?)

மறுநாள் காலை மீட்டர் 14.2 என்றது. கனகேஸ்வரி விசைப்பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள். பத்துப் பேரும் எழுதியிருந்தார்கள். தீபாவளி கொண்டாடியவர்கள்கூடப் பத்துக்குக் கீழேயே இருந்தார்கள். அவள் 1 என்று தட்டினாள். அழித்தாள். 9.8 என்று தட்டினாள்.

"பண்டிகைக்கு மறுநாள் இவ்வளவுதானா? கெட்டிக்காரிலா அக்கா!" என்று உடனே ஒரு பதில் வந்தது.

எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. தொடங்கிய கதையை அப்படியே விட மனம் வராது. மறுநாள் 9.1 எழுதினாள். அடுத்த நாள் 8.4. அதற்கு மட்டும் ஒரே காலையில் ஏழு பாராட்டு. வாசகரே, இருபத்திரண்டு சிறுகதைகளுக்கு அவளுக்கு வந்த வாசகர் கடிதங்கள் மொத்தம் மூன்று, அதில் ஒன்று அச்சுப்பிழையைச் சுட்டிக்காட்டியது. ஏழு! அவள் கணினியைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி படித்தாள்.

பிறகு 7.7. பிறகு 7.0. பிறகு 6.3. என்ன அழகான இறக்கம்! இவ்வளவு நேர்த்தியாக அவள் எந்தக் கதையையும் முடித்ததில்லை.

ரகசியம் கேட்டார்கள். வெந்தயத்தையும் பண்டான் இலையையும் முதல்நாளே ஊறவைத்த தண்ணீர் என்று எழுதினாள். வெந்தயம் நாவுக்குக் கசப்பு, பண்டான் மூக்குக்கு வாசம். கதைக்கு இரண்டும் வேண்டுமில்லையா?

4

ஏழாம் நாள் காலை இரண்டு மடல்கள் காத்திருந்தன.

முதலாவது நல்லமுத்து அண்ணன் தனியாக அனுப்பியது.

"தங்கச்சி, நான் முப்பது வருசமா நம்பர் பாக்குறவன். மெஷின்லருந்து வர்ற நெஜ நம்பர் ஆடும். கொஞ்சம் ஏறும், கொஞ்சம் எறங்கும். ஒங்களது தெனமும் சரியா ஏழு ஏழு புள்ளியா படியெறங்குது. ரத்தம் படிக்கட்டு கட்டாதும்மா. யாருக்கும் சொல்லல. நீங்களே சொல்லிடுங்க."

கனகேஸ்வரிக்குக் காது சுட்டது. (எழுதும்போது எனக்கும் சுடுகிறது. அவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை வடிவம் அதிகம் என்று சொல்லித் தள்ளிவிட்டாரே! இதைவிடக் கூர்மையான விமர்சனம் எனக்கு, சரி, அவளுக்கு, வந்ததே இல்லை.)

இரண்டாவது மடல் சுலைஹாவுடையது. குழுவிலேயே இளையவள், இருபத்தாறு வயது. பதினாலு வயதிலிருந்து இன்சுலின் ஊசி. நேற்று மாலையே அனுப்பியிருந்தாள்.

"அக்கா, நாலு நாளா ஒங்க தண்ணியத்தான் குடிக்கிறேன். ரெண்டு வாரத்துல நிக்காஹ். மாப்ள வீட்டுக்கு ஊசி விஷயம் தெரியாது. ஒங்களுக்கே இப்படி எறங்குச்சுன்னா எனக்கும் எறங்கும்ல? நாளையிலருந்து காலை ஊசிய விட்டுடப் போறேன். துஆ பண்ணுங்க அக்கா."

நாளை என்றால் இன்று. ஊசியில்லாமல் அவள் உடம்பு ஓடாது. இது எனக்குத் தெரியும், கனகேஸ்வரிக்குத் தெரியும், சுலைஹாவுக்கும் தெரியும். ஆனால் நம்பிக்கை வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் மறந்துவிடும், அந்த நம்பிக்கையை ஊட்டியவள் —

இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். உங்களுக்கே புரிகிறது.

அவள் தட்டத் தொடங்கினாள். "சுலைஹா, நான் எழுதினதெல்லாம் பொய். இப்பவே ஊசி —" என்றபோது மலைப்பக்கம் ஓர் இடி. அறை வெளுத்தது. மோடத்திலிருந்து ஒரு சின்னச் சத்தம், பிறகு கருகல் வாடை.

ஒரு கதையில் இப்படி எழுதினால் 'தற்செயல் மிகை' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் பினாங்கில் மழைக்காலத்தில் மோடம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப்பாருங்கள்.

5

சுலைஹாவின் தொலைபேசி எண் என்னிடம் இல்லை.

ஆமாம், 'என்னிடம்' என்றுதான் எழுதினேன். கனகேஸ்வரியை இங்கேயே இறக்கிவிடுகிறேன், பாவம், அவள் நல்லவள். இனிமேல் நடப்பதற்கு ஒல்லியான ஆள் தேவையில்லை.

என்னிடம் இருந்தது ஒரே ஒரு தகவல். தன் அலுவலகம் அக்கரையில், செபராங் ஜெயாவில், ஒரு ரொட்டிக் கடைக்கு மேல்மாடியில் என்று சுலைஹா ஒருமுறை எழுதியிருந்தாள். "நம்ம தலையெழுத்தப் பாருங்க அக்கா, நாள் பூரா கேக் வாசம்" என்று எழுதிச் சிரித்திருந்தாள்.

குடையை எடுத்தேன்.

"இந்த மழையில எங்க கெளம்பிட்ட?" என்றார் சின்னையா.

"செபராங் ஜெயா."

"அங்க யாரு இருக்கா நமக்கு?"

"என்னைய நம்புற ஆளு ஒண்ணு."

அவர் பத்திரிகையைத் தாழ்த்தி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அப்ப சீக்கிரம் போ" என்றார்.

பஸ், அக்கரைக்குப் போகும் பெர்ரிப் படகு, மறுபடி பஸ். பெர்ரியில் உட்கார முடியவில்லை, நான் நடந்தால் அது வேகமாகப் போகும் என்பதுபோல முன்னும் பின்னும் நடந்தேன். பயத்தில் செத்துக்கொண்டிருந்தேன். கூடவே, சொன்னால் திட்டுவீர்கள், ஒரு சந்தோஷமும் இருந்தது. எழுத்தாக மட்டுமே தெரிந்த ஒருத்தியை முதன்முதலாகப் பார்க்கப் போகிறேன்!

6

பெர்ரியில் முடிவுகளையும் எழுதிப் பார்த்தேன். கைப்பழக்கம்.

முடிவு அ: ரொட்டிக் கடை வாசலில் ஆம்புலன்ஸ். [வேண்டாம். அழவைப்பதற்காக ஒரு பெண்ணை மயக்கம்போட வைப்பது சோம்பேறித்தனம். அதைவிட, வேண்டாம், வேண்டவே வேண்டாம்.]

முடிவு ஆ: நான் ஒப்புக்கொண்டதும் குழுவில் பத்துப் பேரும் 'நானும் பொய்தான் எழுதினேன்' என்று வரிசையாக ஒப்புக்கொள்கிறார்கள். எல்லாரும் கட்டிக்கொள்கிறோம். [இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதனாலேயே சந்தேகப்பட்டேன்.]

முடிவு இ எழுதுவதற்குள் அக்கரைத் துறையான பட்டர்வொர்த் வந்துவிட்டது.

7

நடந்தது இது.

செபராங் ஜெயாவில் ரொட்டிக் கடைகள் மூன்று. மூன்றாவதில் மேல்மாடிக்குப் படிக்கட்டு இருந்தது. அதில் பாதியில் ஒரு பெண் தண்ணீர் போத்தலோடு உட்கார்ந்திருந்தாள். பச்சைத் துப்பட்டா, முகம் வெளிறியிருந்தது. அந்தப் போத்தலுக்குள் வெந்தயம் மிதந்தது.

"சுலைஹா?"

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அக்காவா? ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சேன்லா!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. போத்தலைப் பிடுங்கினேன். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன்: 14.2, அதிரசம், ஏழு பாராட்டு, படிக்கட்டு. வெந்தயத்துக்கு எந்தப் பாவமும் தெரியாது என்பதையும் சொன்னேன்.

அவள் போத்தலை என் கையிலிருந்து வாங்கி மூடியைத் திருகி மூடினாள்.

"நீங்க பொய் சொன்னது ஒங்க நம்பர அக்கா. நான் விட்டது என் ஊசிய."

இந்த வசனத்தில் மட்டும் நான் கை வைக்கவில்லை.

அவள் பையிலிருந்து மீட்டரை எடுத்துக் குத்திப் பார்த்தாள். 19.6. மேலே போய் கிளினிக் நர்ஸ் மிஸ்ஸிக்குப் போன் போட்டு, எவ்வளவு போடலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஊசி கைப்பைக்குள்தான் இருந்தது. விட்டுவிட்டேன் என்றவள் அதை விடாமல் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள்!

"கொடைய விரிச்சுப் பிடிங்க. கேக் வாங்குறவங்க பாக்குறாங்க."

பிடித்தேன். குடைக்குப் பின்னால் அவள் ஊசி போட்டுக்கொண்டாள். கீழே ஒரு சீனப் பாட்டி மேலே பார்த்து, மழை நின்றுபோச்சே என்று மலாயில் சொன்னாள். சுலைஹாவுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. நிறுத்த முடியாமல் குடை ஆட ஆட இரண்டு இனிப்புநீர்க்காரிகள் கேக் வாசத்துக்கு நடுவில் சிரித்தோம்.

ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மறுபடி குத்திப் பார்த்தபோது அவளுடையது 16.1 என்று இறங்கத் தொடங்கியிருந்தது.

"மாப்ள வீட்டுக்கு நான் சொல்லிக்கிறேன். கொடை பிடிக்கத் தெரிஞ்ச ஆளான்னு பாத்துடலாம்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "குரூப்புக்கு நீங்க சொல்லுங்க. இப்ப வெரல நீட்டுங்க."

"எதுக்கு?"

"எண் முதலில், பேச்சு பிறகு. இவ்ளோ நேரம் பேசிட்டீங்கல்ல?"

நீட்டினேன். குத்தினாள். மீட்டர் நாற்பத்தைந்திலிருந்து பின்னோக்கி எண்ணத் தொடங்கியது.

8

ஆகவே, தே ஓ கோசோங் நண்பர்களே, நீங்கள் இதுவரை படித்தது சிறுகதை இல்லை. டவுனில் ஒரு சைபர் கஃபேயில் உட்கார்ந்து, வழக்கம்போல ஆங்கில எழுத்தில் தட்டி நான் உங்களுக்கு அனுப்பும் மடல். கதை என்று சொல்லியிருக்காவிட்டால் எனக்குத் தைரியம் வந்திருக்காது.

9.8 என்றது 14.2. மறுநாள் 13.5. 8.4 என்று எழுதி ஏழு பாராட்டு வாங்கிய நாள் 15.1. பிறகு 12.9, பிறகு 14.8. 6.3 என்று எழுதிய நாளில் நான் குத்திப் பார்க்கவே இல்லை, பயமாக இருந்தது. நல்லமுத்து அண்ணே, இப்போது ஆடுகிறதா?

ரொட்டிக் கடைப் படிக்கட்டில் வந்த என் எண்ணைத்தானே கேட்கிறீர்கள்? அதை நான் சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை. எனக்கு வேண்டியது அந்த நம்பிக்கை, வேறு எந்தப் பாராட்டும் இல்லை. அதனால் இந்தக் கதையின் முடிவை வாசகரிடம் கொடுக்கிறேன். எல்லா வாசகரிடமும் இல்லை, ஒருத்தியிடம்.

சுலைஹா, நீதான் பார்த்தாய், மீட்டரும் உன்னுடையது. இதற்குப் பதில் மடலில், முதல் வரியில், நீ எழுது.

மற்றவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நாற்பத்தைந்து வினாடிதான்.