கொலைக் கொலு, பாகம் இரண்டு

அரசு, அதாவது எங்கள் மாடித் திருநாவுக்கரசு, தன் படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்கப் போகிறான் என்பதை அவன் எனக்குச் சொல்லவில்லை. அவன் வீட்டு ஜன்னல்தான் சொன்னது. காலை வெயிலில் கறுப்புத் துணி கட்டியிருந்தான். பட்டப்பகலில் அந்த ஜன்னலில் கறுப்புத் துணி தொங்கினால், உள்ளே ராத்திரி தயாராகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முதல் பாகத்தின்போதே இதெல்லாம் எங்களுக்குப் பழகிவிட்டது.

டத்தோ கிராமட் பக்கம் எங்கள் ஃப்ளாட். நடைபாதை எல்லா வீட்டுக்கும் பொது. போகும்போதும் வரும்போதும் கண்ணை எங்கேயாவது வைத்துத்தானே ஆகவேண்டும்? நான் வைக்கும் இடங்களில் ஒன்று அரசு வீட்டுச் செருப்பு அலமாரி. அதில் அவன் மனைவி ஜெயலெட்சுமியின் செருப்பு இல்லாமல் போனதை இந்த மாடியில் முதலில் கவனித்தது நான்தான். அவள் புருஷனே அடுத்த நாள்தான் கவனித்தான். பாலத்துக்கு அந்தப் பக்கம் பிறையில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனவள் போனவள்தான். இரண்டு தீபாவளி வந்து போய்விட்டது.

காரணம் வேறொரு பெண் இல்லை, குடியும் இல்லை. அப்படி ஏதாவது இருந்திருந்தால் எங்களுக்கும் பேச வசதியாக இருந்திருக்கும். காரணம் ஒரு மரப்பொம்மை.

அரசுக்குத் தொழில் கல்யாண வீடியோ. மனசு முழுக்க சினிமா. ஜெயலெட்சுமி நிபோங் திபாலில் கொலு வைக்கிற வீட்டிலிருந்து வந்தவள். அந்த மாதிரி வீடுகளில் மகளைக் கட்டிக் கொடுக்கும்போது அம்மா தன் கொலுவிலிருந்து ஒரு ஜோடி மரப்பாச்சி கொடுத்து அனுப்புவாள். ஆண் ஒன்று, பெண் ஒன்று, செம்மரத்தில் கடைந்தது. நவராத்திரிக்கு மேல்படியில் முதலில் ஏறுவது அந்த ஜோடிதான். அதற்குப் பிறகுதான் சாமிகள், கடை விரித்த செட்டியார், கல்யாண ஊர்வலம், போலீஸ்காரர் எல்லாம்.

வருஷம் முழுக்க அந்த வீட்டில் சண்டை நடக்கும். கொலு நாட்களில் மட்டும் புருஷன், பெண்டாட்டி, மகள் மூன்று பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு எங்களுக்குச் சுண்டல் கொடுப்பார்கள். இந்த அழகிலிருந்துதான் அரசுக்குக் கதை பிறந்தது. ஓயாமல் சண்டை போடும் ஒரு குடும்பத்தை மேலே நின்று பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல், கொலுப் பொம்மைகள் படி இறங்கி வந்து ஒவ்வொருவராகக் கொல்லத் தொடங்குகின்றன. படத்துக்குப் பெயர் ‘கொலைக் கொலு’. நடிக்க ஆள் பிடிக்க வசதியில்லாததால் அரசு, ஜெயலெட்சுமி, மகள் லோகேஸ்வரி மூவரும் அவர்களாகவே நடித்தார்கள். சண்டைக் காட்சிகளுக்கு ஒத்திகையே தேவைப்படவில்லை. பக்கத்து வீட்டுக்காரியாக நானும் நடித்தேன்; முதல் சாவு என்னுடையது. செட்டியார் பொம்மை தராசுப் படிக்கல்லால் என் மண்டையில் போட்டது. நன்றாகச் செத்தேன் என்று கீழே மீனாட்சி கடை வரைக்கும் பேச்சு.

கடைசிக் காட்சியில், ஜோடியில் பேய் பிடித்த பெண் பொம்மையை எரிக்க வேண்டும். அதற்கென்று பழுப்புச் சாயம் அடித்த பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இருந்தது. நெருப்பு வைத்தால் எரியவில்லை, ஐஸ்கிரீம் மாதிரி வழிந்தது. அரசு பார்த்தான். “ஜெயா, எல்லாருக்கும் சோறு பொங்குஸ் பண்ணிட்டு வா” என்று பொட்டலம் கட்டி வாங்கிவர மனைவியைக் கீழே கடைக்கு அனுப்பினான். அவள் திரும்பி வருவதற்குள் காட்சி முடிந்திருந்தது. பொம்மைகளைக் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டதாகச் சொன்னான்.

அவளுக்கு விஷயம் தெரிந்தது மண்டபத்தில், ஊர்க்காரர்கள் எல்லோரோடும் படம் பார்த்தபோது. ஜெயலெட்சுமி பல் முளைக்கிற வயதில் கடித்த தழும்பு அந்தப் பொம்மையின் தோளில் உண்டு. திரையில் அந்தத் தோள் அண்டா அளவுக்குத் தெரிந்தது. தழும்பு தெரிந்தது. அதில் நெருப்புப் பிடித்தது. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. பயப்படவேண்டிய இடங்களிலெல்லாம் சனங்கள் சிரித்ததால்தான் போஸ்டரில் ‘பேய்ப்படம்’ என்பதை அடித்துவிட்டு ‘பேய்க் காமெடி’ என்று மாற்றினான் என்பது வேறு கதை. ஜெயலெட்சுமி எழுந்து வெளியே போனாள். நானும் பின்னாலேயே போனேன்; தண்ணீர் கொடுக்கத்தான். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தாள். ஆண் பொம்மை மட்டும் இருந்தது. அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போய்விட்டாள்.

அரசு அன்றிலிருந்து பிடித்துக்கொண்டிருந்த கயிறு இதுதான்.

“அவ என்னை விட்டுட்டுப் போகலக்கா. ஆம்பளைப் பொம்மையத் தூக்கிட்டுப் போயிருக்கா. வேணாம்னா ஏன்க்கா கொண்டு போகணும்?”

“பத்திரமா வைக்கத்தான். இங்க விட்டா அதையும் கொளுத்திருவியே.”

“ஐயோ, போங்கக்கா.”

இரண்டாம் பாகத்தை அவளைக் கூட்டி வருவதற்காகத்தான் எழுதினான். அதை அவன் மறைக்கவுமில்லை. பெண்டாட்டியை எரித்த குடும்பத்தின் சொந்தபந்தங்களை ஆண் மரப்பாச்சி தேடித் தேடிக் கொல்கிறது. கடைசியில் புதுப் பெண் மரப்பாச்சி வருகிறது. குடும்பம் கொலு முன்னால் உட்கார்ந்து அழுகிறது. கோபித்துக்கொண்டு போன மனைவி கதவைத் திறந்து “நான் வந்துட்டேன்” என்கிறாள். “அது வெறும் டயலாக் இல்லக்கா” என்று என்னிடம் குரலை இறக்கிச் சொன்னான். கோயம்புத்தூருக்குப் போன யாரிடமோ சொல்லிவிட்டுப் புதுப் பொம்மையும் வரவழைத்திருந்தான். நேரில் மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் போதும். இவனுக்கு ஒரு முழுப் படம் தேவைப்பட்டது.

எனக்கும் வேடம் உண்டு. போன படத்தில் செத்தவளுடைய இரட்டைத் தங்கை. இதிலும் சாகிறேன்.

வீட்டில் மிச்சம் இருந்தது லோகேஸ்வரி. ஹோட்டல் வரவேற்பில் வேலை. ஊர் பேர் தெரியாதவர்களிடமெல்லாம் சிரித்துப் பேசுகிறவள், அம்மா போனதிலிருந்து அப்பாவிடம் பேசுவதில்லை. ஆனால் கேமரா ஓடினால் பேசுவாள். வசனத்தில் இருக்கிறதே! கேமராமேன் ஹைதர் “ரோலிங்” என்றதும் “அப்பா, எனக்குப் பயமா இருக்கு” என்று அரசின் தோளில் சாய்வாள். “கட்” என்றதும் என் பக்கம் திரும்பி, “ஆன்ட்டி, மின்விசிறியப் போடச் சொல்லுங்க” என்பாள். போடவேண்டிய அப்பன் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பான். அவன் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தான்.

“அண்ணே, முதல் டேக்கே நல்லாத்தானே இருந்துச்சு லா” என்றான் ஹைதர்.

“இல்ல ஹைதர், இன்னொன்னு போவோம். இன்னும் கொஞ்சம் ஃபீலிங் வேணும்.”

ஃபீலிங் யாருக்கு வேண்டியிருந்தது என்று எங்களுக்குத் தெரியாதா என்ன.

ஜெயலெட்சுமியிடம் பேசவேண்டிய வேலை என் தலையில் விழுந்தது. விழாவிட்டாலும் நானே எடுத்துப் போட்டுக்கொண்டிருப்பேன். போனில் கதை முழுவதையும் சொன்னேன். புதுப் பொம்மையைப் பற்றியும் சொன்னேன். அந்தப் பக்கம் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. அது அடங்கியதும் சொன்னாள்.

“ஒரே ஒரு நாள் வரேன்க்கா. ஆம்பளைப் பொம்மையையும் கொண்டாறேன்னு சொல்லுங்க.”

இதைச் சொன்னதும் அரசு வாசல் கதவுக்குச் சாயம் அடித்தான். செருப்பு அலமாரியைக் கழுவி, அவள் செருப்புக்கென்று நடுத்தட்டைக் காலி பண்ணி வைத்தான். அவளுக்குப் பிடித்த பிஸ்கட் டின் வாங்கினான். “பொம்மையோட வராக்கா” என்று மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். நானும் நம்பினேன் என்றுதான் சொல்லவேண்டும். பொம்மையோடு திரும்பி வருகிறவள் தங்கத்தான் வருகிறாள் என்று யாருக்குத்தான் தோன்றாது?

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். தலைமுடியை வெட்டியிருந்தாள். செருப்பைத் தரையிலேயே, திரும்பிப் போகும் பக்கம் பார்த்தபடி கழற்றினாள். நடுத்தட்டை அவள் பார்க்கவேயில்லை. நான் கவனித்தேன். அரசு கவனிக்கவில்லை. அவன் லைட்டைத் திருப்பிக்கொண்டிருந்தான்.

வெளியே நல்ல வெயில். உள்ளே கறுப்புத் துணியின் புண்ணியத்தில் விஜயதசமி இரவு. கொலுப்படிகளில் வரிசையாகப் பொம்மைகள். எல்லோர் வாயிலும் சிவப்புச் சாயம், ரத்தமாம். செட்டியார் கையில் என் இரண்டு சாவுக்கும் காரணமான படிக்கல்.

“நல்லா இருக்கியா ஜெயா?” என்றான் அரசு.

“ம். எங்க நிக்கணும்?”

எடுக்கவேண்டியது கடைசிக் காட்சி. கொலு வைக்கிற வீட்டில் விஜயதசமி ராத்திரி ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். கொலு முடிந்தது, இனி பொம்மைகள் தூங்கட்டும் என்று அர்த்தம். மறுநாள் காலை எல்லாவற்றையும் இறக்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். படத்தில் ஜெயலெட்சுமி கதவைத் திறந்து வந்து, “நான் வந்துட்டேன்” என்று சொல்லி, ஆண் பொம்மையையும் புதுப் பெண் பொம்மையையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்க வைக்கவேண்டும். அரசும் மகளும் அவள் இரண்டு பக்கமும் வந்து உட்காரவேண்டும். அதோடு திரையில் ‘வணக்கம்’.

“ரோலிங்” என்றான் ஹைதர்.

ஜெயலெட்சுமி கதவைத் திறந்து வந்தாள். வசனம் வரவில்லை. நேராகக் கொலுவுக்குப் போய்ப் புதுப் பொம்மையை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். தோளைக் கட்டை விரலால் தடவினாள். வழவழவென்று இருந்திருக்கும்.

“அழகா இருக்கு. யாரோடது?”

வசனத்தில் இது இல்லை. அரசு விழித்தான். பிறகு அவனும் நடிக்கத் தொடங்கினான், அல்லது நடிப்பதை விட்டான். “உன்னோடதுதான் ஜெயா. உனக்குன்னு வாங்குனது.”

“என்னோடதுல பல் தழும்பு இருக்கும்.”

புதுப் பொம்மையை இருந்த இடத்திலேயே நிற்க வைத்தாள். பையிலிருந்த துண்டைப் பிரித்து ஆண் மரப்பாச்சியை எடுத்தாள். படியில் தனியாகப் படுக்க வைத்தாள். துண்டை மட்டும் மடித்துத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

“கொலு முடிஞ்சிருச்சு” என்றாள். கோபமே இல்லை. சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொல்கிற குரல். “இது உங்க வீட்டு ஆம்பள. இவ்ளோ நாள் நான் வச்சிருந்தேன். இனிமே நீங்களே வச்சுக்குங்க.”

அரசு கேமராவுக்கு முதுகு காட்டி நின்றான். இருபத்தைந்து வருஷம் வீடியோ எடுத்தவன் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. ஹைதர் என்னைப் பார்த்தான். நான் செட்டியாரைப் பார்த்தேன். யாராவது ஏதாவது சொல்லவேண்டும்.

“அப்பா,” என்றாள் லோகேஸ்வரி, “கட் சொல்லுங்கப்பா.”

இத்தனை நாளில் எழுதிக் கொடுக்காமல் அவள் ‘அப்பா’ என்றது அந்த ஒரு தடவைதான். ஆனால் கேமரா ஓடிக்கொண்டிருந்ததே, அதைக் கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அவன் சொல்லவில்லை. “ஒன்ஸ் மோர் போவோம் ஜெயா,” என்றான். “டயலாக் விட்டுப்போச்சு.”

“பேசவேண்டியதப் பேசிட்டேங்க.”

வெளியே வந்து, ஏற்கெனவே திரும்பியிருந்த செருப்பில் காலை நுழைத்தாள். “வரேன்க்கா” என்றாள் என்னிடம். லோகேஸ்வரி அவளோடு லிஃப்ட் வரைக்கும் போனாள், பிறகு கீழே வரைக்கும் போனாள். மறுமாதம், வேலையைப் பட்டர்வொர்த் பக்கம் மாற்றிக்கொண்டு, பிறைக்கே போய்விட்டாள். அலமாரியில் இப்போது ஒரே ஒரு ஜோடி.

படம் முடியவில்லை. ஹைதர் கிடைத்ததை வைத்து ஒட்டிவிடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். “அண்ணே, அந்த டேக்தான்ணே படத்துலயே பெஸ்ட். அத அப்படியே போடுவோம் லா.” அரசு கேட்கவில்லை. ஹைதரும் கேமராவை எடுத்துக்கொண்டு கல்யாண சீசனுக்குப் போய்விட்டான்.

போன வாரம் கறிவேப்பிலை கேட்கிற சாக்கில் உள்ளே போனேன். நல்ல மத்தியானம், உள்ளே இன்னும் அதே ராத்திரி. கறுப்புத் துணியை அவிழ்க்கவேயில்லை. கொலு அப்படியே இருந்தது, ரத்தச் சாயம் காய்ந்து செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. புதுப் பொம்மை மேலே நின்றது. ஆண் மரப்பாச்சி மல்லாந்து கிடந்தது. அதன் மேல் தூசி. கொலுவில் படுக்க வைத்த பொம்மையை மறுநாள் எடுத்துவிட வேண்டும். இது எத்தனையோ மறுநாள் ஆகிவிட்டது. எனக்கே கை பரபரத்தது. எடுக்கப் போனேன்.

“தொடாதீங்கக்கா!”

பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து ஓடிவந்தான்.

“தூசியத் தட்டுறேன்ப்பா.”

“தூசி இருக்கட்டும். எது எது எங்க இருந்துச்சோ அப்படியே இருக்கணும்க்கா. அவ வந்து அந்த ஒரு டேக் குடுக்கணும்ல? கன்டினியுட்டி போயிரும்.”

கையை எடுத்துக்கொண்டேன். “சாப்பிடு, ஆறிடப் போகுது” என்றேன். ஜெயலெட்சுமி விவாகரத்துக்கு வக்கீல் பார்த்துவிட்டாள் என்று பிறையிலிருந்து எனக்குச் செய்தி வந்து நாலு நாள் ஆகியிருந்தது. என் வாயில் எதுவும் தங்காது என்று இந்த ஃப்ளாட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குத் தங்கியது. கறிவேப்பிலையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வெயிலில் கண் கூசியது. செருப்பு அலமாரியின் நடுத்தட்டை அன்று காலையிலும் துடைத்திருக்கிறான்.