நாமக்கோழியாக இருக்கலாம்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை வெட்கத்தில் பிறந்தது. இதில் வரும் ஸ்டெபின் நான்தான். ‘நான்’ என்று நாலு முறை எழுதிப் பார்த்தேன், கை கூசுகிறது. ஆகவே ‘அவன்’. திட்டுவதற்கும் வசதி.

முதல் தொடக்கம்: ‘கார்த்திகை மழை விட்ட காலையில், படப்பை ஏரியின் மேல் வெள்ளிப் பனி…’ வேண்டாம். வர்ணனைக்குப் பின்னால் போய் ஒளிகிறேன்.

இரண்டாவது: ‘ஹில்டா மிஸ்ஸுக்குக் கண் பார்வை கொஞ்சம்…’

சீ! பச்சைப் பொய். அவருக்கு என்னைவிட நல்ல கண்.

2.

ராஜகீழ்ப்பாக்கத்து ஸ்டெபினும் அவன் பறவைக் குழுவும் குளிர் தொடங்கினால் போதும், வலசை வரும் வாத்துகளைத் தேடி ஏரி ஏரியாக அலைவார்கள். அரிய பறவை எதையாவது பார்த்ததாக யார் எழுதினாலும், அதைச் சரிபார்த்து ஏற்க வேண்டியது ஸ்டெபின். யாரும் அவன் தலையில் கட்டிய வேலையில்லை. ஐயாவே கேட்டு வாங்கியது.

ஹில்டா மிஸ் பல்லாவரத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கேமரா கிடையாது. இறந்த கணவரின் பழைய பைனாகுலர் ஒன்று உண்டு. பஸ்ஸில் வருவார்.

அந்தச் சனிக்கிழமை காலை போன் செய்தார்.

“ஸ்டெபின், படப்பை ஏரில நிக்கறேன். கொண்டை வாத்துப்பா! ஒண்ணே ஒண்ணு. பின்னந்தலைல குடுமி தொங்குது, கண்ணு மஞ்சள். கேமராவ எடுத்துட்டு சீக்கிரம் வா.”

“இதோ, கிளம்பிட்டேன் மிஸ்.”

(கிளம்பவில்லை. தோசை வார்த்துக்கொண்டிருந்தான், தூறல் வேறு என்று முன் பிரதியில் எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவன் பதினைந்து வருஷமாகத் தேடும் வாத்து, பஸ்ஸில் வந்த ஒருவர் கண்ணில் முதலில் பட்டுவிட்டது. வயிறு எரிந்தது. அவ்வளவுதான்.)

சாயங்காலம் மிஸ் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதிவு போட்டார். கீழே அவன் எழுதினான்: ‘படம் இல்லை. ஏற்க இயலாது. நாமக்கோழியாக இருக்கலாம்.’*

மிஸ்ஸின் பதில் ஒரே சொல்: ‘சரிப்பா.’

*நாமக்கோழி: நெற்றியில் வெள்ளை நாமத்தோடு எந்த ஏரியிலும் கூட்டமாகக் கிடக்கும். முப்பது வருஷம் பறவை பார்த்தவரிடம் இப்படிச் சொல்வது, கல்யாணச் சமையல்காரரிடம் உப்பு எது சர்க்கரை எது தெரியுமா என்று கேட்பது மாதிரி.

3.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல், யாரிடமும் சொல்லாமல், கேமராவோடு படப்பைக்குப் போனான். நாமக்கோழி என்று நம்பியவன் எதற்குப் போனான்? இதற்கு மூன்று பத்தி விளக்கம் எழுதி அழித்தேன்.

வாத்து இருந்தது. குடுமி, மஞ்சள் கண், எல்லாம் மிஸ் சொன்னபடியே. படம் எடுத்து முடித்துத் திரும்பினால், கரையில் வலையை மடித்துக்கொண்டிருந்த மீனவர் துரைராஜ் பேச்சுக் கொடுத்தார்.

“இன்னா சார், நீயும் இத்தத்தான் பாக்க வந்தியா? நேத்து ஒரு டீச்சரம்மா நின்னுகினு இருந்தாங்க. தூறல்ல தான் நனைஞ்சிகினு, குடைய அந்தத் தூரக்கண்ணாடிக்குப் புடிச்சிகினு. ‘வூட்டுக்குப் போம்மா’ன்னேன். ‘ஒருத்தர் கேமரா எடுத்துகினு வராரு, அதுவரைக்கும் வாத்து பறந்துடக்கூடாது, வலைய இப்ப இழுக்காதீங்க’ன்னாங்க. நானும் சும்மா குந்திகினு இருந்தேன். பதினோரு மணி ஆச்சி. எனக்கே பேஜாரா பூடுச்சி. யாரு சார் அந்த ஆளு, வரவே இல்ல?”

“தெரியலண்ணா” என்றான் ஸ்டெபின்.

அன்று மதியமே படத்தைக் குழுவில் போட்டான். ‘நம் பகுதியின் முதல் உறுதியான பதிவு. கண்டவர்: ஸ்டெபின்.’

முதலில் வாழ்த்தியது யார் தெரியுமா? ‘அருமை ஸ்டெபின். குடுமி நல்லா தெரியுது.’ ஹில்டா மிஸ்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. கைகூப்பும் பொம்மை ஒன்றைப் பதிலாக அனுப்பினான்.

4.

முடிவுகள். ஒன்றில் அவன் பல்லாவரம் போய் அழுகிறான், மிஸ் காபி கொடுக்கிறார். அழகாக வந்தது. நடக்கவில்லை. இன்னொன்றில் மிஸ் குழுவின் முன்னால் அவனைக் கிழிக்கிறார். அதுவும் நான் ஆசைப்பட்டதுதான், திட்டு வாங்கிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமே என்று. மூன்றாவதில் அந்த வாத்து…

இல்லை, வாத்தை விட்டுவிடுவோம். அது பறந்து போய்விட்டது.

5.

இந்தக் கதை எங்கள் குழுவின் ஆண்டுமலருக்குப் போகிறது. அச்சுக்கு முன் எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்துப் பிழை திருத்துபவர் ஹில்டா மிஸ். ஆக, வாசகரே, உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கப்போகிறவர் அவர். முடிவு அவர் கையில்.

மிஸ், மலரில் வரும் பறவைப் பட்டியலை மாற்றிவிட்டேன். ‘கொண்டை வாத்து. கண்டவர்: ஹில்டா, சனிக்கிழமை காலை.’ வராதவன் பெயரைப் போடப் பட்டியலில் இடமில்லை, அதனால்தான் இந்தக் கதை. வெட்டுங்கள், கிழியுங்கள், நாலு பேர் முன்னால் கேளுங்கள். பிழையை மட்டும் திருத்தி, ஓரத்தில் ‘சரிப்பா’ என்று எழுதி அனுப்பிவிடாதீர்கள்.