'பெயர் வேண்டாம்', நூற்றுப்பதினேழு

"எடுங்கன்னா எடுக்க வேண்டியதுதானே! அதென்ன பிடிவாதம்?"

"எடுத்தாச்சுடி! எத்தனை தடவை சொல்றது? நம்ம பக்கத்துல எடுத்தாச்சு!"

மாடிவீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் கத்திய கத்தலில், காய்ந்த துணியையே நான் மறுபடி கொடியில் போட வேண்டியதாயிற்று. அக்கம்பக்கம் என்றால் ஓர் அக்கறை வேண்டாமா?

அந்த வீட்டு அக்கா ஒரு சின்ன வானொலியில் வாராவாரம் 'பெயர் வேண்டாம்' என்ற நிகழ்ச்சியை நடத்துகிறவள். விளம்பரம் கிடையாது, முதலாளி கிடையாது. வீட்டில் சொல்ல முடியாததை யாரும் போனில் சொல்லலாம். பெயர் கேட்க மாட்டாள். அவள் புருஷனுக்கு நாங்கள் வைத்த பெயர் 'பட்டியல்'. செருப்புக்கு அடியில்கூட வாங்கிய தேதியை எழுதுகிற மனிதர். எல்லா நிகழ்ச்சியையும் இணையத்தில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், பகிரலாம், ஒலிபரப்பலாம் என்று எழுதிவைத்தார். எங்கெங்கோ இருக்கிற நிலையங்கள் எடுத்துக்கொண்டன. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

ஏற்றியவர் அதோடு விட்டாரா? நூற்றுப்பதினேழாவது நிகழ்ச்சியில் பேசியது எதிர்வீட்டுத் தையல்காரி என்று குரலிலேயே கண்டுபிடித்து, கீழே குறிப்பு வேறு எழுதினார்: பேசுபவர் தையல் தொழில், கணவர் லிஃப்ட் மெக்கானிக், தெரு இன்னது. ஆவணம் என்றால் முழுசாக இருக்க வேண்டுமாம்.

அவள் பேசியது இதுதான்: "ரகசியமா ஒரு ரூம் பிடிச்சிருக்கேன்க்கா. வாரத்துக்கு ஒரு சாமானா கொண்டுபோறேன். திரைச்சீலை போயாச்சு, தட்டு போயாச்சு. தையல் மெஷின்தான் பாக்கி. அது இருந்தா எங்கேயும் பிழைச்சுக்குவேன். அது போற அன்னிக்கு நானும் போயிடுவேன்."

எங்கள் தெருவைப் பற்றி உலகத்தில் வேறு யாரும் ஒரு வரி எழுதியதில்லை. போனில் தெருப்பெயரை அடித்தால் முதலில் வந்து நிற்பது நூற்றுப்பதினேழுதான். நானும் என் போனில் இறக்கிவைத்தேன், ஒரு ஞாபகத்துக்கு. இப்படி வருகிறது என்று தையல்காரியிடம் சொன்னதும் நான்தான்.

கத்தல் சட்டென்று நின்றது. தையல்காரி படியேறிப் போய்க்கொண்டிருந்தாள். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணா, எடுத்துட்டீங்களா?"

"இங்க எடுத்துட்டேன்மா."

"இங்கன்னா?"

பட்டியல் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். பதினொரு நிலையங்களுக்கு எழுதியிருந்தார். ஒன்பது பேர் பதிலே போடவில்லை. ஒருவர், கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க முடியாதே என்று பணிவாக வருந்தியிருந்தார். இன்னொருவர், இவ்வளவு தூரம் கேட்கிறீர்கள் என்றால் முக்கியமானதாகத்தான் இருக்கும் என்று மறுபடி ஒலிபரப்பியே விட்டார்.

"குரல் இருந்துட்டுப் போகட்டும்ணா. அந்தக் குறிப்பையாவது அழிக்கச் சொல்லுங்க. இன்னும் நாலே நாள். எங்க வீட்டுக்காரர் வெளியூர் வேலைக்குக் கிளம்பறார். வண்டிகூட சொல்லி வச்சிருக்கேன்."

"அதையும் கேட்டுட்டேன்மா…"

"பெயர் வேண்டாம்னு நான் கூவிக்கிட்டிருந்தேன்," என்றாள் அக்கா. "நீங்க விலாசத்தையே எழுதிட்டீங்க."

"பெயர் எழுதலையே," என்றார் பட்டியல். அவருக்கே அது கேட்டிருக்காது.

மூன்றாம் நாள், மெக்கானிக்கோடு வேலை பார்ப்பவன் அவர் வீட்டுக்கு வழி தேடிப் போனில் தெருப்பெயரை அடித்தானாம், வந்து நின்றது நூற்றுப்பதினேழு. வெளியூர் வேலை ரத்து. அடிதடி இருக்கும் என்று நான் ஜன்னலோரம் நின்றதுதான் மிச்சம், ஒரு சத்தமில்லை. பிறகு டிரில்லிங் மெஷின் சத்தம். தையல் மெஷினின் காலைத் தரையோடு சேர்த்து நாலு போல்ட் முறுக்கினார் மெக்கானிக்.

"இனிமே ஆடாம தைக்கலாம்ல?"

அவள் தலையாட்டினாள்.

மாடியில் பட்டியல் பன்னிரண்டாவது கடிதத்தை எழுதிக்கொண்டிருந்தார்.

அக்கா நிகழ்ச்சியை நிறுத்திவிட்டுத் தங்கை ஊருக்குப் போனாள், இன்னும் திரும்பவில்லை. மெக்கானிக் தையல்காரியோடு வேறு ஊருக்குக் குடிபோய்விட்டார். போல்ட்டைக் கழற்றி முதலில் வண்டியேற்றியது தையல் மெஷினைத்தான். அவள் பிடித்திருந்த அறையில், போன மாதம் கல்யாணமான என் நாத்தனார் மகளும் மாப்பிள்ளையும் குடியிருக்கிறார்கள். பார்க்கப் போயிருந்தேன். ஜன்னலுக்கு அளவெடுத்துத் தைத்த திரைச்சீலை, ஓரத்தில் இரட்டைத் தையல்.

"யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க அத்தை. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.