பேருந்தில் நடக்கும் வகுப்பு

விடிவதற்குள் சிட்டுவின் இடுப்பு கழன்றுவிடும்போல் இருந்தது. அசைய முடியாத நோயாளியைப் புரட்டி, நனைந்த விரிப்பை உருவி, முதுகில் புண் விழாதபடி துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடினாள். ஓரிடத்தில் நில்லாத அந்த ஓட்டத்தைப் பார்த்துத்தான் மற்ற நர்ஸுகள் அவளுக்குச் சிட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

முன்பெல்லாம் புதுக் கருவி வந்தால் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். தொட்டுப் பார்க்கலாம், தப்பாக அழுத்தித் திட்டு வாங்கலாம். இப்போது நிர்வாகம் வகுப்பை மூடிவிட்டு, பாடத்தைப் பேசிப் பதிந்த பாட்காஸ்ட்டைப் போனுக்கு அனுப்பிவிடுகிறது. வேலை முடிந்த பிறகு கேட்டுக்கொள்ள வேண்டியது. சிட்டு அதைப் பேருந்துக் கம்பியில் தொங்கியபடி கேட்டாள், அடுப்படியில் கேட்டாள். மகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்து, தோளைப் பிடித்து உலுக்கினால்தான் திரும்புவாள்.

அன்று ஷிஃப்ட் மாறுகிற வேளையில் பக்கத்துக் கட்டிலின் பம்ப் அலறியது. நரம்பில் சொட்டுச் சொட்டாக மருந்தேற்றும் புதுக் கருவி அது. நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் தோழி ஓடிப்போய் அலறலை நிறுத்தப் பொத்தானை அழுத்தினாள். அழுத்தியது வேறு பொத்தான். மருந்து ஒரேயடியாக உள்ளே பாய, படுத்திருந்த பெரியவருக்குக் கண் செருகியது. டாக்டர் ஓடிவந்து உயிரை இழுத்துப் பிடித்தார். நெட்டை சிட்டுவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் கையாலயே ஒரு உயிரு போயிருக்குமேடி..."

கொஞ்ச நேரத்தில், இனி வேலைக்கு வரவேண்டாம் என்று அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். சிட்டுவும் ஏழெட்டு நர்ஸுகளும் வீட்டுக்குப் போகாமல் மேலாளர் அறைக்குள் நுழைந்தார்கள்.

"ஆடியோ அனுப்பினோம், வீடியோ அனுப்பினோம். அவங்க கேட்டதா பதிவாகியிருக்கு. இன்னும் என்னம்மா, ஊட்டிவிடணுமா?" என்றார் மேலாளர்.

"கேட்டோம் சார். தூங்கி வழிஞ்சுக்கிட்டே கேட்டோம். அந்தக் குரல் நல்லாத்தான் சொல்லுது. ஒரு சந்தேகம் கேட்டா பதில் சொல்லுதா? டூட்டி நேரத்துலயே வகுப்பு வையுங்க, நெட்டையையும் திரும்பச் சேருங்க" என்றாள் சிட்டு.

"படிக்கிறது உங்க முன்னேற்றத்துக்குத்தானே? அதையும் டூட்டியில சேக்கணுமா?"

"பம்ப் உங்களுது, ஆஸ்பத்திரி உங்களுது. முன்னேற்றம் மட்டும் எங்களுதா சார்?"

மேலாளரின் முகம் சுண்டியது. "வாசல்ல ஆள் வரிசையா நிக்குது. பிடிக்கலைன்னா போகலாம்."

வெளியே வந்ததும், "வயித்துல அடிச்சுட்டா என்னடி பண்றது?" என்று மூத்த நர்ஸ் முனகினாள்.

"பயமாத்தான் இருக்குக்கா. ஆனா இன்னிக்கு நெட்டை கை. நாளைக்கு யார் கையோ? டூட்டி நேரத்துல அவர் அறை முன்னாலயே உக்காந்து கத்துக்குவோம்."

மூத்தவள் வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நோயாளியை அனாதையா விடக்கூடாது. அதுக்கு வழி சொல்லு, வரேன்" என்றாள்.

மறுநாள் காலை இரவு ஷிஃப்ட் நர்ஸுகள் வீட்டுக்குக் கிளம்பவில்லை, நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள வார்டிலேயே நின்றுகொண்டார்கள். காலை வேலைக்கு வந்தவர்கள் சிட்டுவோடு சேர்ந்து மேலாளர் அறைக்கு எதிரே தரையில் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் ஒரு பம்ப்பை வைத்தார்கள். அதற்கு முன்னால் நெட்டையை அழைத்துவந்து உட்காரவைத்தார்கள். போனில் பாட்காஸ்ட் உரக்கப் பேசியது.

"நிறுத்துக்கா, அந்த இடம் புரியலை," என்றாள் ஒருத்தி. நிறுத்தினார்கள். நெட்டை பொத்தானைத் தேடினாள். ஆளுக்கொரு சந்தேகம் கிளம்பியது.

கதவைத் திறந்துகொண்டு மேலாளர் வந்தார். "எழுந்திருங்க! எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன்!"

நெட்டையை மறுபடி சேர்ப்பார்களா, தனக்கே இங்கு வேலை இருக்குமா, சிட்டுவுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் யாரும் எழவில்லை.

வார்டு வாசலிலிருந்து, கண் சிவந்த மூத்தவளின் குரல் கேட்டது:

"நாங்க பாத்துக்கறோம்டி. நீங்க உக்காருங்க!"