மேற்கே சாய்ந்த வீடு

மார்ச்சு ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை. வானம் தெளிந்திருந்தது, மென்காற்று வீசியது.

நீர் செறிந்த மணல் நிலநடுக்கத்தில் குலுங்கும்போது துகள்களின் பிடி தளர்கிறது. திடமாயிருந்த நிலம் குழம்பாகி, தன் மேலுள்ள கட்டடத்தைத் தாங்க மறுக்கிறது. முந்தைய வாரம் எங்கள் தெருவில் நிகழ்ந்தது இதுவே. சாலை வெடிப்புகளிலிருந்து சாம்பல் நிற மணல் பீறிட்டது. சாக்கடைத் தொட்டிகள் தரைக்கு மேல் மிதந்தெழுந்தன. என் வீடோ, ஒரு விரிசலுமின்றி மேற்கே சாய்ந்து நின்றது. லாரிகளுக்கு அடியில் படுத்துப் பழுது பார்த்த உழைப்பால், நான் எழுப்பிய மரச்சுவர் வீடு அது.

காலையில் நகராட்சிப் பொறியாளர் வந்தார்.

"வீட்டுத் தரை சாய்வில்லாம மட்டத்துக்கு வந்துட்டா நீங்க இங்கயே இருக்கலாம்மா. இல்லன்னா நாளைக்கு இடிச்சிடுவாங்க. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள நான் அறிக்கை கொடுக்கணும்."

என் லாரிப் பட்டறையிலிருந்து மூன்று ஜாக்கிகளைக் கொண்டுவந்தேன். என் தம்பி தலையில் அடித்துக்கொண்டான்.

"லாரி டயர் மாத்தற ஜாக்கிய வச்சு வீட்டையே தூக்கப் போறியா? வித்துத் தொலைச்சிட்டு வாக்கா!"

"பேசினது போதும், கையில ஒரு மண்வெட்டிய எடு."

அவன் முணுமுணுத்தவாறே மேற்குப் பக்க அடித்தள விட்டத்தின் கீழ்க் குழி தோண்டினான். நெம்பினோம். வீடு அசையவில்லை, ஜாக்கிகள்தாம் ஈர மணலுக்குள் இறங்கின.

"வீடு ஏறல, ஜாக்கி இறங்குது. நல்ல வேலை!" என்றான் தம்பி.

எதிர்வீட்டை அளந்துகொண்டிருந்த பொறியாளர் திரும்பினார். "மண்ணு இன்னும் இறுகலம்மா. பாரத்தை ஒரே இடத்துல கொடுக்காதீங்க, பரப்புங்க."

பரப்புவதற்குப் பலகை எங்கே? தெருவில் இருந்தவற்றையெல்லாம் அண்டை வீட்டார் நடப்பதற்காகச் சேற்றில் போட்டுவிட்டனர். நான் உள்ளே சென்று வாசற்கதவைக் கீலிலிருந்து கழற்றினேன்.

"அக்கா! உனக்குப் பித்துப் பிடிச்சிருச்சா?"

"கொல்லைக் கதவை நீ கழட்டு. அறைக் கதவு எனக்கு."

மூன்று கதவுகளையும் குழிகளில் கிடத்தி, இரும்புத் தகடு வைத்து, அவற்றின்மேல் ஜாக்கிகளை நிறுத்தினோம். விட்டம் முனகியது. விரலளவு உயர்ந்ததும் இடைவெளியில் கற்களை அடுக்கினோம், சாய்வு தீரும்வரை மீண்டும் மீண்டும் நெம்பினோம். தம்பியின் உள்ளங்கை தோலுரிந்தது. எனினும் அவன் பிடியை விடவில்லை.

பொறியாளர் வந்து, நீர் நிரப்பிய குழாயால் அறைதோறும் மட்டம் பார்த்தார்.

"சரியா இருக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், அடுத்த தடவை ஆடினா மறுபடி சாயலாம்."

"மறுபடி தூக்குவேன்" என்றேன்.

அவர் குடியிருப்பு அனுமதிச் சீட்டைக் கதவில்லாத வாசல் நிலையில் ஒட்டினார். அப்போது மாலை ஐந்து மணி நாற்பத்திரண்டு நிமிடம்.