டெலியோவின் போன்

சூசிங்கின் பிரவுசரைப் பார்த்தால் எனக்கு மூச்சு முட்டும். மேலே டேப்புகள் நெல்மணி போல இடித்துக்கொண்டு நிற்கும். எது எந்தப் பக்கம் என்று அவளுக்கே தெரியாது. டுமகெட்டே என்ற கடலோர நகரத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் வாடகைக்கு எடுத்த அறையில் நாங்கள் இருவரும் வேலை செய்தோம். வெளிநாட்டுக் கடைக்காரர்களுக்குக் கணினி வழியே ஏவல் வேலை: மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, பொருட்களின் படங்களை ஏற்றுவது, சண்டை போடும் வாடிக்கையாளர்களைச் சமாதானப்படுத்துவது.

மார்ச் மாதம் ஒரு மதியம், என்னால் பொறுக்க முடியவில்லை.

"தள்ளு. இது பிரவுசரா, இல்ல சந்தையா?"

"இருக்கட்டும் மனாங். மூடினா அப்புறம் கிடைக்காது." மனாங் என்றால் அக்கா; அப்படித்தான் அவள் என்னைக் கூப்பிடுவாள்.

"கிடைக்கும். அதுக்குத்தான் வழி இருக்கு. என்னைவிடச் சின்னவ, நீதானே இதையெல்லாம் எனக்குச் சொல்லித்தரணும்?"

ஒவ்வொரு கடைக்காரருக்கும் தனித்தனிக் குழுவாக டேப்புகளைச் சேர்த்து வண்ணம் கொடுத்தேன். அன்றாடம் வேண்டியவற்றை ஓரத்தில் குத்திவைத்தேன். மூடிய பக்கத்தைத் தேடி எடுப்பது எப்படி என்று காட்டினேன். அப்படியே, "உன் போன்ல திறந்த பக்கத்தை இங்கயும் எடுக்கலாம், பாரு" என்று வேறு கருவிகளின் பட்டியலைத் திறந்தேன்.

அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று அவளுடைய போன். மற்றொன்று, 'டெலியோ'. அதன் கீழே, 'நேற்று பயன்படுத்தப்பட்டது'.

டெலியோ அவள் தம்பி. டிசம்பர் புயலில் மீன்பிடிப் படகோடு போனவன். படகின் ஒரு பலகை கிடைத்தது. கூடப் போன இருவரின் உடல்கள் கிடைத்தன. அவன் கிடைக்கவில்லை. பாஸ்வேர்டு எதுவும் அவனுக்கு நினைவில் நிற்காது என்பதால், போன் வாங்கிக் கொடுத்தபோது சூசிங் தன் கணக்கையே அதில் போட்டுக் கொடுத்திருந்தாள். அவன் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போவான்.

பட்டியலில் ஒரே ஒரு பக்கம் திறந்திருந்தது. கடல் வானிலை. தேடிய சொல்லும் தெரிந்தது: 'அங்கின் கரோன்'. எங்கள் பேச்சில் இன்றைய காற்று என்று அர்த்தம். எழுத வேண்டியது 'ஹங்கின்'. டெலியோ எந்தச் சொல்லிலும் முதல் ஹ-வை எழுத மாட்டான். "ஹ-வை எவனுக்குடா வாடகைக்கு விட்ட?" என்று நானே அவனைக் கேலி செய்திருக்கிறேன்.

சூசிங் திரையைத் தொட்டுப் பார்த்தாள், சூடு பார்ப்பது போல.

"யாராவது போனைக் கண்டெடுத்திருப்பாங்க" என்றேன்.

"கண்டெடுத்தவனுமா ஹ போடாம எழுதுவான், மனாங்?"

அவனுடைய எண்ணை அழைத்தோம். தொடர்பில் இல்லை என்றது. போன் எங்கே இருக்கிறது என்று காட்டும் வசதியும் பயன்படவில்லை. பேட்டரி தீருமென்று அவன் அதை எப்போதோ அணைத்து வைத்திருந்தான்.

அன்றிலிருந்து வேலைக்கு வந்ததும் முதலில் அந்தப் பட்டியலைத்தான் திறப்போம். ஒரு காலை, 'பெயர் தெரியாதவருக்கான ஜெபம்' என்றிருந்தது, அதிலும் முதல் ஹ விடுபட்டிருந்தது. இன்னொரு காலை, 'வீட்டாரை எப்படிக் கண்டுபிடிப்பது'. அதைப் படித்ததும் சூசிங் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். கீழே பேக்கரியில் ரொட்டி எடுக்கும் சத்தம் கேட்டது.

"வழி தெரியாம நிக்கிறான்" என்றாள்.

"அப்படிப் பேசாத."

"பின்ன எப்படிப் பேசறது? நீங்களே சொல்லுங்க."

காலையில் வரும் பக்கங்கள் மாறிக்கொண்டே இருந்தன. ஆனால் பொழுது சாயும் நேரத்தில், படகுகள் கிளம்பும் வேளையில், தினமும் ஒரே தேடல்தான். அங்கின் கரோன்.

ஒரு பக்கத்தை இங்கிருந்து இன்னொரு கருவிக்கு அனுப்பவும் முடியும். அது எனக்கு முன்பே தெரியும். சொல்லத்தான் பயமாக இருந்தது. கடைசியில் சொன்னேன். இருவரும் சேர்ந்து எழுதக்கூடிய வெற்று ஆவணம் ஒன்றைத் திறந்து, 'இந்தப் போன் யாரிடம் இருக்கிறது? இங்கே எழுதுங்கள்' என்று தட்டி, டெலியோவின் போனுக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நான் ஒரு செருப்புக் கடைக்காரனுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோது, சூசிங் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

ஆவணத்தில் இன்னொருவர் வந்திருந்தார். பச்சைக் கோடு ஒன்று நின்று துடித்தது. அதன் தலையில் சூசிங்கின் பெயரே இருந்தது. கணக்கு அவளுடையதுதானே, வேறு எந்தப் பெயர் வரும் என்று எனக்குப் புரியத்தான் செய்தது. புரிந்தும் நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

கோடு நகர்ந்தது. எழுத்துகள் ஒவ்வொன்றாக, நீண்ட இடைவெளி விட்டு வந்தன.

'நீ யாரு. மஞ்சச் சட்ட போட்ட பொண்ணா'

சூசிங்கிடம் மஞ்சள் சட்டை ஒன்று உண்டு. நான்தான் தட்டினேன். 'ஆமாம், அவனுடைய அக்கா.'

'அவன் இங்கதான் இருக்கான். பஹாங்கில். வா'

உயிரோடு இருக்கிறானா என்று கேட்டேன். பச்சைக் கோடு அந்தக் கேள்வியின் ஓரத்திலேயே சிறிது நேரம் துடித்தது. பிறகு மறைந்துவிட்டது. சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். திரும்ப வரவில்லை.

பஹாங்கில் என்பது கடற்பாசி வளர்ப்பவர்கள் இருக்கும் சின்னத் தீவு. வேறு மாகாணத்தைச் சேர்ந்தது. சூசிங் அம்மாவிடம் வேலை விஷயமாகப் போவதாகச் சொன்னாள். மறுநாள் பஸ்ஸில் போகும்போது, மடியில் ஒரு பை வைத்திருந்தாள். உள்ளே டெலியோவின் கால்சட்டையும் சட்டையும் இருந்தன. நான் பார்த்ததைப் பார்த்து, "மாத்திக்க வேணாமா?" என்றாள். நான் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

படகு கரையைத் தொட்டதும், முழங்கால்வரை நீரில் பாசிக் கயிறு கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். சூசிங்கின் முகத்தையே பார்த்தாள்.

"வந்துட்டியா. போட்டோவுல இன்னும் குண்டா இருந்த" என்றாள். அவள் பெயர் பானியா.

பானியா சிறு தேவாலயத்தின் பின்பக்கம் எங்களை அழைத்துப்போனாள். வெள்ளையடித்த மரச்சிலுவை. அதில் பெயர் இல்லை. புதிதாகப் பூ வைத்திருந்தது. சூசிங் பையை மார்போடு அணைத்தபடி மணலில் உட்கார்ந்தாள். அவள் அழுத சத்தம் அலையைவிடச் சின்னதாக இருந்தது.

பானியா என்னிடம் மெதுவாகச் சொன்னாள். புயலுக்குப் பிறகு பாறையில் ஒதுங்கியிருந்தானாம். ஊரார் அடக்கம் செய்து, தங்கள் மாகாண நகரத்திலும் சொல்லிவைத்தார்கள். யாரும் தேடி வரவில்லை. சிம் கார்டு உப்பில் கெட்டுப்போய், எண்களும் அதோடு போயின. போனை அரிசியில் புதைத்துக் காயவைத்துத் தன் சிம்மைப் போட்டாள். படங்கள் இருந்தன, பெயர்கள் இல்லை. காலையில் சிக்னலுக்காகக் குன்றேறி, அவனுக்காக ஜெபமும், அவன் வீட்டைக் கண்டுபிடிக்க வழியும் தேடிக்கொண்டிருந்தாள்.

"உசிரோட இருக்கானான்னு கேட்டீங்க. அத எழுத எனக்கு மனசு வரல. நேர்ல வரட்டும்னு விட்டுட்டேன்."

"எழுதும்போது ஹ மட்டும் ஏன் விட்டுட்டீங்க?" என்று கேட்டேன்.

"நானா விட்டேன்? ரெண்டு எழுத்து போட்டா மீதிய அந்தப் போனே போட்டுக்குது."

அவன் பழக்கிய சொற்களையே அந்த விசைப்பலகை நீட்டியிருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

"சாயங்காலம் காத்து பாப்பீங்களே, அதுவும் அப்படித்தானா?"

பானியா என்னை விநோதமாகப் பார்த்தாள். "நான் எதுக்கு அதுல காத்து பாக்கணும்? வாசல்ல நின்னா தெரியுது. சாயங்காலம் போன் பிஸ்கட் டப்பாவுல கெடக்கும். கீழ சிக்னலே கிடையாது."

போனை வாங்கிப் பார்த்தேன். நேற்றுச் சாயங்காலம், அங்கின் கரோன். அதற்கு முந்தின நாளும். அதற்கு முந்தியும். காலைத் தேடல்களுக்கு நடுவில், ஒரு நாள் தவறாமல். பானியாவிடம் காட்டினேன். அவள் படித்து, சிலுவைக்குறி போட்டுக்கொண்டு, போனை மறுபடி வாங்க மறுத்துவிட்டாள்.

"எடுத்துட்டுப் போங்க. அவனயும் எடுத்துட்டுப் போங்க. வீட்டுக்குப் போகத்தான் காத்து பாக்கிறான்."

அனுமதி வாங்கி அவனை ஊருக்குக் கொண்டுவர ஈஸ்டர் தாண்டிவிட்டது. படகில் பெட்டியின் ஒருபக்கம் சூசிங், மறுபக்கம் அவள் அம்மா. போனை நானே ஸ்விட்ச் ஆஃப் செய்து என் பையில் வைத்திருந்தேன். கரை தெரிந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கடல் எண்ணெய் தடவியது போலக் கிடந்தது.

அடக்கம் முடிந்த பிறகு அறையில் பட்டியலைத் திறந்தேன். கடைசித் தேடல் நாங்கள் கடலில் இருந்த அந்தச் சாயங்காலம். அதன்பின் எதுவும் இல்லை. சூசிங்கிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு, செருப்புக் கடைக்காரனுக்குப் பதில் எழுதப் போய்விட்டாள்.

ஒன்பதாம் நாள் ஜெபத்துக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சூசிங்கின் அம்மாவுக்கு அந்தத் தேடல் பற்றி எப்படியோ தெரிந்திருந்தது. என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"அந்தப் பக்கத்துல அன்னிக்குக் காத்து எப்படின்னு போட்டிருந்துச்சு?"

"லேசான காத்து. அலை இல்லன்னு."

அவள் அடுப்பைத் தணித்தாள். "அப்ப சரி" என்றாள். "தட்டு எடுத்துக்க. மீன் ஆறிடும்."