எட்டுச் செலவுக்கு வந்த பைக்கற்

அப்பாவின் எட்டுச் செலவன்று பின்னேரம் வீட்டில் இருந்தவர்கள்: அம்மா சிவக்கொழுந்து. கொக்குவிலில் இருந்து வந்திருந்த அப்பாவின் தமக்கை, யோகேஸ்வரி மாமி. அக்கா சுதர்சினி. பிரியந்தன் ஆகிய நான். சுவரில் மாலையோடு அப்பா, நமசிவாயம்.

ஷிஹான் இந்தக் கணக்கில் இல்லை. அவன் பிறகு வந்தான். வந்திருக்கவே கூடாது என்று மாமி இன்றைக்கும் சொல்கிறார்.

எட்டுச் செலவு என்பது எட்டாம் நாள் செத்தவருக்கு வைக்கிற சாப்பாடு. அவருக்குப் பிடித்ததைச் சமைத்து, அவர் படுத்த அறையில் இலை போட்டுப் படைத்து, விளக்கேற்றிவிட்டு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்த வேண்டும். ஆளில்லாத அறைக்குள் அவர் வந்து சாப்பிடுவார் என்பது எங்கள் ஆட்களின் எண்ணம். நான் நம்புவதில்லை. ஆனால் கணவாய்க் கறி மணக்கும்போது நம்பாமல் இருப்பது கஷ்டம்.

அம்மா விடியலில் இருந்து குசினிக்குள் நின்றார். கணவாய், பாரைக் குழம்பு, நண்டு, முருங்கைக்காய்ப் பால் கறி. தூள் அவரே வறுத்து இடித்தது. கடைத் தூள் எங்கள் ஃபிளாட்டின் வாசலைத் தாண்டியதில்லை. படையலுக்குச் சமைப்பதை ருசி பார்க்கக் கூடாது என்பதால், உப்பு எப்படியோ என்ற பயத்தோடு கரண்டியை முகர்ந்து முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஃபிரிஜ்ஜில் சாய்ந்து நிற்பார். முதல் வாயை வைக்கும் வரைக்கும் எங்கள் முகத்தில் இருந்து கண்ணை எடுக்கமாட்டார். “எப்பிடி?” என்பார். அப்பா “திறம்” என்பார். நாங்களும் “திறம்” என்போம். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வரும். தான் சாப்பிடுவது எல்லோரும் எழும்பிய பிறகு, குசினிக்குள், நின்றபடி.

கடைசி வருஷங்களில் அப்பா இரவில் கோழி கொறித்த மாதிரித்தான் சாப்பிட்டார். வயது என்றோம். அம்மா மட்டும் தன் சமையலில் பிழை என்று நினைத்து, இன்னும் இரண்டு கறி கூட்டினார். “திறம்” மட்டும் குறையவில்லை.

“என்ரை தம்பி குடுத்து வச்சவன், கொழுந்து,” என்றார் மாமி, கறிகள் பரிமாறிய இலையின் விளிம்பைத் துடைத்தபடி. “உன்ரை கைக்காகத்தான் இவ்வளவு காலம் உயிரோடை இருந்தவன்.”

அப்பா போன பிறகு அம்மா முதன்முதலாகச் சிரித்தார். அந்த நேரம் பெல் அடித்தது.

ஷிஹான் ஒழுங்கை முனையில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். வாழையிலையைக் காலையில் அவனிடம்தான் வாங்கினேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான். கையில் ஒரு பை.

“ஆன்ட்டி, அங்கிள் மவுத்தான அண்டைக்கு வந்தும் கதைக்கக் கெடைக்கல்ல. இண்டைக்கு அங்கிளுக்குப் புடிச்ச சாப்பாடு எல்லாம் வைக்கிற எண்டு பிரியந்தன் மல்லி காலையில சொன்னார். அதான் இதக் கொண்டு வந்த.”

பையை மேசையில் கவிழ்த்தான். அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் பளபளக்கும் படம். அக்கா ஒன்றை எடுத்து வாசித்தாள். ராஜ்மா மசாலா. அடுத்தது தால் மக்கானி. பிறகு பாலக் பனீர். பெட்டிக்குள் வெள்ளிப் பைக்கற். சுடுதண்ணீரில் போட்டு, வெட்டிச் சாப்பிடுகிற இந்தியாச் சாமான்.

“ஆருக்கோ குடுக்கிறதை எங்களுக்கு மாறித் தந்திட்டியள் தம்பி,” என்றார் அம்மா.

“இல்ல ஆன்ட்டி. அங்கிள் சொல்லி வச்ச சாமான். கொண்டெய்னர் ஒருகொடவத்தை கஸ்டம்ஸ்ல மாட்டிக் கெடந்த. வந்ததா வந்ததா எண்டு டெய்லி கேப்பார். நேத்துத்தான் வந்த.” ஒரு பெட்டியைத் திருப்பி வைத்தான். “கெடைக்காமலே போய்ட்டார்.”

“இவர் உந்தச் சாமான் சாப்பிடுறேல்லை,” என்றார் அம்மா.

“சாப்பிடுவார் ஆன்ட்டி. பின்னேரத்தில வந்து எங்கட கடைக்குப் பின்னால...”

“பின்னேரத்தில அவர் கடற்கரைக்கு நடக்கப் போறவர்.”

அப்போதுதான் ஷிஹானுக்கு விளங்கியது. எங்களுக்குத் தெரியும் என்று நினைத்தே அவன் இவ்வளவு காலமும் எங்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறான். என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்ல? கம்பஸ் படிப்பை விட்டேன், பிறகு கோல் சென்டரில் இரவு வேலை, அதையும் விட்டேன். பகலில் தூங்குகிறவனுக்கு வீட்டில் யார் எங்கே நடக்கப் போகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

மாமிதான் முதலில் வாய் திறந்தார். “எவ்வளவு காலமா?”

“எங்கட வாப்பா கடையப் பார்த்த நாள்லேயிருந்து.”

“முருகா.” மாமி கதிரையில் விழுந்தார்.

பெற்றோலுக்கு வரிசை நின்ற வருஷம் அப்பா மெலிந்து போனார். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத காலம். எல்லாவற்றுக்கும் எரிந்து விழுவார். நாட்டுக் கவலை என்று நினைத்தோம். டொக்டரிடம் கூட்டிப்போய் இரத்தம் சோதித்தோம். அந்த மனிசனுக்கு இல்லாமல் இருந்தது ராஜ்மா.

“கொழுந்து, என்ரை தம்பிக்கு நீ என்னத்தைப் போட்டனி? ஏன் அவன் கடைப் பின்பக்கத்திலை ஒளிச்சுத் திண்டவன்?”

“மாமி!” என்று அக்கா கத்தினாள்.

அம்மாவுக்கு இரண்டும் கேட்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தில் இருந்த வெளிறலை அப்பாவைப் பொரளைச் சுடலையில் எரித்துவிட்டு நாங்கள் திரும்பி வந்தபோதுகூட நான் காணவில்லை. கடைசியில் ஷிஹானிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டார்.

“சாப்பிட்டிட்டு, திறம் எண்டு சொன்னவரோ?”

“இல்ல ஆன்ட்டி. ஒண்டும் சொல்ல மாட்டார்.” ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவன் தொடர்ந்தான். “நான் ஒரு நாள் கேட்ட, அங்கிள், ஆன்ட்டிட சமையல் இந்த ஏரியாவுக்கே பேமஸ், இத ஏன் சாப்பிடுறீங்க எண்டு. அதுக்கு அவர் சொன்ன, இதச் சாப்பிட்டா யாரும் என்ட முகத்தப் பார்த்துட்டு நிக்க மாட்டாங்க எண்டு.”

கரையோர ரயில் போனது. அலுமாரியில் இருந்த பீங்கான்கள் நடுங்கி முடியும் வரைக்கும் நாங்கள் அப்படியே நின்றோம்.

“நான் வாறன் ஆன்ட்டி,” என்று ஷிஹான் வாசல் பக்கம் நகர்ந்தான்.

“நில்லுங்கோ தம்பி,” என்றார் அம்மா. “இதை எவ்வளவு நேரம் சுடுதண்ணிக்குள்ளை விடுறது?”

எங்கள் அம்மா சமையலில் இன்னொருவரிடம் விளக்கம் கேட்டு நான் அறியேன். ஷிஹான் திணறித் திணறிச் சொன்னான். தண்ணீர் கொதித்த பிறகு போட வேண்டும், ஐந்து நிமிஷம், பையை வெட்டும்போது ஆவி கையில் அடிக்கும், கவனம். அம்மா பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையாட்டினார்.

“அம்மா, இதை விடுங்கோ. அப்பாவுக்கு முன்னாலை இது என்ன விளையாட்டு?” அக்கா அழுதாள்.

“பிடிச்சதைத்தானே படைக்கிறது.”

“செத்தவனைப் பகிடி பண்ணாதை, கொழுந்து!”

“பகிடி பண்ணினது நானோ, மச்சாள்?”



பாலக் பனீரைக் கோப்பையில் ஊற்றியதும் மாமி எட்டிப் பார்த்தார். “கீரைக்குள்ளை சவர்க்காரத் துண்டு போட்ட மாதிரிக் கிடக்கு. இதையோ என்ரை தம்பி திண்டவன்?” எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரத்தில் சிரிப்பு வந்ததே எனக்கு இன்னொரு அதிர்ச்சி.

அம்மா கோப்பைகளை அறைக்குள் கொண்டுபோனார். கணவாயையும் நண்டையும் இலையில் இருந்து எடுக்கவில்லை. ஓரத்துக்குத் தள்ளிவிட்டு, நடுவில் அந்த மூன்றையும் வைத்தார். ஷிஹான் கதவடியில் நின்று தயங்கினான்.

“ஆன்ட்டி, ஒரு கரண்டியும் வைங்க. அங்கிள் இதக் கையால சாப்பிட மாட்டார்.”

“ஏன்?”

“வீட்டுக்குப் போனா கை மணக்கும் எண்டு.”

இதை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம். அம்மா குசினிக்குப் போய்த் தேக்கரண்டி ஒன்றை எடுத்து வந்து இலையின் பக்கத்தில் வைத்தார். விளக்கேற்றினார். கற்பூரம் காட்டினார். நாங்கள் கும்பிட்டோம், ஷிஹான் தலையைக் குனிந்து நின்றான். ஒவ்வொருவராக வெளியே வந்தோம். கடைசியாக வருகிற ஆள் கதவைச் சாத்த வேண்டும். கடைசி ஆள் அம்மா.

அவர் வரவில்லை. இலைக்கு முன்னால், அப்பாவின் கட்டிலோரம், தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். அம்மா உட்கார்ந்து சாப்பிட்டதை நான் எப்போது கண்டேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை. தேக்கரண்டியைக் கையில் எடுத்தார்.

“என்ன செய்யிறாய்?” மாமி பதறினார். “வெளியிலை வா. உள்ளுக்கை ஆள் நிண்டா அவன் வரமாட்டான்.”

அம்மா நிமிர்ந்தார். நாங்கள் நான்கு பேரும் வாசலில் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் கரண்டியோடு எழும்பி வந்தார்.

“விலகுங்கோ மச்சாள்.”

“அது அவன்ரை பங்கடி!”

“என்ரை முகத்தை ஆரும் பாக்க வேண்டாம்,” என்றார் அம்மா.

கதவு எங்கள் மூக்கில் இடிக்காத குறையாகச் சாத்தப்பட்டது. உள்ளே சாவி ஒருமுறை திரும்பியது. இறுகவில்லை போல. இன்னொருமுறை திருப்பிப் பூட்டினார்.